சிரட்டையும் கிண்ணமும்

கியோத்தோவில் எனக்குத் தேநீர் தந்த ஆசிரியை அம்மாவுக்கு, இளையரசனேந்தலிலிருந்து வணக்கம்.

உங்கள் தேநீரறைக்குள் தவழ்ந்துதான் வந்தேன். வாசல் அவ்வளவு சிறிசு. தேநீர் ஆசான் சென் நோ ரிக்யூ வகுத்த வழக்கம், சாமுராயும் வாளை வெளியே வைத்துவிட்டுக் குனிந்துதான் நுழையணும் என்றீர்கள்.

முதலில் இனிப்பு. அந்தப் பயற்றுப் பூரணத்தில் எங்கள் டீக்கடைச் சுசியத்தின் ருசி தட்டியது. கெண்டியில் வெந்நீர் இரைவதைப் பைன் மரக் காற்று என்பார்களாம். எனக்கு பாய்லர் சத்தம்தான் கேட்டது. மண்டியிட்டு என் கால் மரத்துப்போனதைப் பார்த்தும் பாராததுபோல் இருந்தீர்களே, அதற்குத் தனி நன்றி.

பிறகு கொய்ச்சா. பச்சைத் தேயிலைப் பொடியில் கொஞ்சமே வெந்நீர் விட்டு, மூங்கில் மத்தால் கம்பங்கூழ் பதத்துக்குக் குழைத்தீர்கள். எல்லோருக்கும் ஒரே கிண்ணம். எனக்கு முன்னால் இருந்த பாட்டி குடித்து, வாய் வைத்த இடத்தைத் துடைத்து, என்னிடம் தந்தார். நான் குடித்துத் துடைத்து அடுத்தவரிடம் நீட்டியபோது கை நடுங்கியது. கிண்ணம் கனமென்று நினைத்திருப்பீர்கள்.

என் தாத்தா கரிசல் காட்டில் பருத்திக்குக் களை வெட்டியவர். பக்கத்து ஊர் ஒன்றின் கடையில் அவருக்குச் சிரட்டையில்தான் டீ, அதுவும் கைபடாமல் உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். அப்பா காலத்தில் தனிக் குவளை. குடித்தவரே கழுவிக் கூரையில் செருக வேண்டும். எனக்குக் காகிதக் கப். குடித்ததும் எல்லோருமே கசக்கி எறிவதால், பழைய வழக்கம் ஒழிந்ததா ஒளிந்ததா என்று பார்க்க வழியில்லை.

உங்கள் தேநீர் வரலாறும் சுத்தமானதல்ல என்று பிறகு படித்தேன். தங்கத்தால் தேநீரறை செய்துகொண்ட ஆட்சியாளன் ஹிதேயோஷிதான் 1591-இல் ரிக்யூவை வயிற்றைக் கிழித்துச் சாகச் சொன்னவன். இருக்கட்டும். அன்றைக்கு அந்த அடுத்தவர் என் ஊரும் தெருவும் கேட்காமல் கிண்ணத்தை வாங்கி, நான் வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்துக் குடித்தார். இந்த மடல் அதற்குத்தான்.

ஊருக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்:

"கழுவாமலா குடிச்சாக?"

"ஆமாப்பா."


களைவெட்டியின் பேரன்