சிறுவன் கை எடுத்த ஓலை

காஞ்சிபுரத்துக்குப் பட்டு எடுக்க வருகிற கூட்டம் காமாட்சியம்மன், ஏகாம்பரநாதர், வரதராஜர் என்று மூன்று கோயில்களைப் பார்த்துவிட்டு வண்டி ஏறிவிடும். பரமேச்சுர விண்ணகரம் என்று ஆழ்வார் பாடிய வைகுண்டப் பெருமாள் கோயில் பக்கம் ஆள் நடமாட்டம் குறைவு. அது ஒருவகையில் நல்லது. சிங்கத் தூண்கள் தாங்கும் திருச்சுற்று மண்டபத்தில் நிதானமாக நடக்கலாம். சுவர் முழுக்கப் பல்லவர் கதை வரிசையாகச் செதுக்கியிருக்கிறது. மணற்கல் என்பதால் பல முகங்கள் கரைந்துபோய்விட்டன. யானை எது, குதிரை எது என்று ஊகிக்க வேண்டிய இடங்களும் உண்டு.

அந்த வரிசையில் ஓரிடத்தில் நின்றுதான் ஆகவேண்டும். இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசு இல்லாமல் இறந்துபோகிறான். நாட்டுக்கு அரசன் வேண்டும். மாத்திரர், கடிகையார், மூலப்பிரகிருதி என்று கல்வெட்டு சொல்கிற பெரியவர்களும் ஊராரும் புறப்பட்டு, பல்லவர் கிளை மரபைச் சேர்ந்த இரணியவர்மனிடம் போய் ஓர் அரசனைக் கேட்கிறார்கள். அவனுக்கு நான்கு மகன்கள். ஸ்ரீமல்லன், ரணமல்லன், சங்கிராமமல்லன் மூவரும் மறுத்துவிடுகிறார்கள். கடைசிப் பிள்ளை பல்லவமல்லன் மட்டும் நான் போகிறேன் என்கிறான். பையனுக்கு வயது 12. தகப்பன் தயங்குகிறான். தரணிகொண்ட போசர் என்ற பெரியவர் தைரியம் சொன்ன பிறகே அனுப்பச் சம்மதிக்கிறான். கி.பி. 731 வாக்கில் நடந்தது இது. அந்தச் சிறுவன்தான் நந்திவர்மப் பல்லவமல்லனாக அறுபது ஆண்டுக்கு மேல் ஆண்டான்.

ஊரார் தேர்ந்தெடுத்த அரசன் என்று இதைச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள் உண்டு. எனக்குக் கொஞ்சம் சந்தேகம். இந்தக் கோயிலைக் கட்டியதே பல்லவமல்லன்தான். நேர் வாரிசு அல்லாத ஒருவன் நாட்டாரே என்னைக் கூப்பிட்டார்கள் என்று தன் சுவரில் தானே செதுக்கி வைத்தால், அதில் பாதி வரலாறு, பாதி சுவரொட்டி. ஆனாலும் எட்டாம் நூற்றாண்டில் ஓர் அரசனுக்கு அப்படிச் சொல்லிக்கொள்ளத் தோன்றியிருக்கிறதே, அது சும்மா இல்லை.

இந்தக் கதையை மனதில் வைத்துக்கொண்டு உத்திரமேரூருக்குப் போகவேண்டும். காஞ்சியிலிருந்து தெற்கே சுமார் 30 கிலோமீட்டர். வயலும் ஏரிக்கரையுமாகப் பேருந்து போகும். அங்கும் ஒரு வைகுண்டப் பெருமாள் கோயில் இருக்கிறது. இது சிறியது. கோபுரத்தைத் தேடி வருகிறவர்கள் பக்கத்தில் இருக்கும் சுந்தரவரதர் கோயிலின் மூன்றடுக்கு விமானத்தைப் பார்த்துவிட்டு இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். இங்கே பார்க்கவேண்டியது பெருமாளை அல்ல என்று சொன்னால் பாவம் வரும். ஆனால் உள்ளூர்க்காரர்களே உங்களை முதலில் சுவரண்டைதான் கூட்டிப்போவார்கள். கருங்கல்லில் வரிவரியாகத் தமிழும் கிரந்தமும் கலந்து ஓடுகிற எழுத்து. இந்த மண்டபம் ஊர்ச்சபை கூடிய இடம்.

ஊருக்கு அன்றைய பெயர் உத்திரமேருச் சதுர்வேதிமங்கலம். பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட பிரம்மதேய ஊர். ஊரை ஏற்படுத்தியவன் அதே பல்லவமல்லன் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. பல்லவர், சோழர், நடுவில் வந்துபோன ராஷ்டிரகூடக் கன்னரதேவன் என்று ஆள்பவர் மாறினாலும் கல்வெட்டு எழுதுவதை இந்த ஊர் நிறுத்தவில்லை. அவற்றில் முதலாம் பராந்தக சோழன் காலத்து இரண்டுதான் பேர் வாங்கியவை. ஒன்று அவனது 12ஆம் ஆட்சியாண்டு, கி.பி. 919. அடுத்தது 14ஆம் ஆட்சியாண்டு, 921. கல்வெட்டு அறிஞர் வெங்கையா 1904-05ஆம் ஆண்டுத் தொல்லியல் அறிக்கையில் இவற்றை விளக்கி எழுதினார். பாடப்புத்தகத்தில் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்த குடவோலை முறை அங்கிருந்து வந்ததுதான்.

பாடப்புத்தகம் சொல்லாமல் விட்டது அந்த இரண்டு ஆண்டு இடைவெளி. 919இல் ஒரு விதி போடுகிறார்கள். அரசன் சார்பில் தத்தனூர் மூவேந்தவேளான் உடன் இருக்கிறான். 921இல் சோமாசிப் பெருமான் என்ற வேறோர் அதிகாரி வந்து உட்கார, விதியைத் திரும்ப எழுதுகிறார்கள். முதல் விதியில் வாரியத்துக்கு, அதாவது ஊர் வேலை பார்க்கும் குழுவுக்கு, வர வயது 30க்கு மேல் 60க்குள். இரண்டாவதில் 35க்கு மேல் 70க்குள். யார் யார் வரக்கூடாது என்ற பட்டியல் நீண்டுவிடுகிறது. இரண்டே வருஷத்தில் சட்டம் திருத்தப்பட்டால் நடுவில் யாரோ ஓட்டை கண்டுபிடித்திருக்கிறான் என்றுதான் அர்த்தம். சங்கத் தேர்தல், கோயில் தர்மகர்த்தா தேர்தல் எதையாவது கிட்டத்தில் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிந்திருந்தது. இன்றைய வார்டு மாதிரி. நிற்பவனுக்குக் கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம் இருக்கவேண்டும். இன்றைய கணக்கில் ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்கவேண்டும். வேதப் படிப்பு வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் நன்றாகத் தெரிந்தவனுக்கு அரைக்கால் வேலி போதும் என்று ஒரு சலுகை. கடந்த மூன்று ஆண்டில் எந்த வாரியத்திலும் இருந்திருக்கக்கூடாது.

அடுத்து வருவதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிப்பேன். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் இனி வரமுடியாது. அவன் மட்டுமல்ல. அவனுடைய சிற்றன்னை, பெரியன்னை மக்கள், அத்தை மகன், மாமன் மகன், உடன்பிறந்தவன், மாமனார், மைத்துனன், அக்காள் தங்கை கணவன், மருமகன், தகப்பன், மகன் என்று உறவை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி மூடுகிறார்கள். கணக்கைக் காட்டாமல் தான் ஒதுங்கிக்கொண்டு மச்சானை நிறுத்துகிற வேலை அப்போதே இருந்திருக்கிறது. இல்லாவிட்டால் மச்சான் கல்லில் ஏறியிருக்க மாட்டான். பிறகு பஞ்சமாபாதகம் செய்தவன், பிறர் பொருளைக் கவர்ந்தவன், கள்ளக் கையெழுத்து இட்டுக் கழுதை ஏறியவன், ஊருக்கு முள்ளாய் இருந்தவன் என்று வரிசை போகிறது.

தேர்வு நடந்த விதம் கண்ணால் பார்க்கிற மாதிரி எழுதப்பட்டிருக்கிறது. குடும்பு குடும்பாகத் தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதி, கட்டாகக் கட்டி, எந்தக் குடும்பு என்று மேலே வாயோலை பூட்டிக் குடத்தில் இடுகிறார்கள். சிறுவர், முதியவர் உட்பட மகாசபை முழுதும் கூடுகிறது. அன்றைக்கு ஊரில் இருக்கிற கோயில் அர்ச்சகர்களான நம்பிமார் ஒருவர் விடாமல் மண்டபத்தில் உட்காரவேண்டும். அவர்களில் மூத்தவர் எல்லாரும் காணும்படி குடத்தைத் தூக்கிப் பிடிக்கிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுக்கிறான். அதை வேறு குடத்தில் போட்டுக் குலைத்து, அதிலிருந்து ஓர் ஓலை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுக்கிறான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்கவேண்டும். விரல் இடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்திருக்கக்கூடாதே! அவன் வாசித்த பிறகு நம்பிமார் எல்லாரும் வாங்கி வாசிக்கவேண்டும். இப்படி 30 பேர்.

அந்த 30 பேரில் வயதும் படிப்பும் மூத்த, முன்பு தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் பார்த்த 12 பேர் சம்வத்சர வாரியம் என்ற ஆண்டு வாரியம். 12 பேர் தோட்ட வாரியம். ஆறு பேர் ஏரி வாரியம். பஞ்சவாரம், பொன் வாரியங்களுக்கும் இதே குடம்தான். பதவி 360 நாள். நடுவில் குற்றம் கண்டால் அப்போதே நீக்கம்.

குடத்து ஓலை உத்திரமேரூர்க்காரர்கள் கண்டுபிடித்ததும் அல்ல. அகநானூற்றின் 77ஆம் பாட்டில், பாலை வழியில் பிணத்தின் குடலைக் கழுகு பிடுங்குவதற்கு உவமையாகவே குடத்து ஓலை எடுப்பது வந்துவிடுகிறது. காஞ்சியில் நெசவாளர் வீடுகளில் நடக்கும் குலுக்கல் சீட்டிலும் சொம்புக்குள் கைவிடக் குழந்தையைத்தான் கூப்பிடுவார்கள். பெரியவர் கையை யாரும் நம்புவதில்லை.

இது ஜனநாயகமா என்ற கேள்விக்கு மேடையில் ஒரு பதிலும் கல்லில் ஒரு பதிலும் கிடைக்கும். 2020 டிசம்பரில் டில்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் இந்த ஊரைப் பெயர் சொல்லிப் பேசினார். ஊர்க்காரர்களுக்கு அதில் சந்தோஷம். ஆனால் இங்கே யாரும் யாருக்கும் வாக்குப் போடவில்லை, அது குலுக்கல். நிலமும் வேதமும் இல்லாத யாருக்கும் இடம் இல்லை. ஏரியில் இறங்கி மண் வெட்டியவனுக்கும், தறியில் உட்கார்ந்தவனுக்கும், எந்தப் பெண்ணுக்கும் அந்தக் குடத்தில் ஓலை கிடையாது.

இதைச் சொல்லிக் குறைக்கிறேன் என்று நினைக்கவேண்டாம். நிலம் உள்ளவனுக்கே அவை என்பது 900 வருஷம் கழித்தும் மாறாத எண்ணம். 1856இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா காலனியில் முதல் நாடாளுமன்றம் மெல்போர்னில் கூடியது. தங்கம் தோண்ட உலகமே வந்து குவிந்திருந்த சமயம். மேலவையில் உட்கார 5,000 பவுன் மதிப்புள்ள நிலமும் 30 வயதும் வேண்டும் என்றது சட்டம். கீழவைக்கும் 2,000 பவுன் சொத்து வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டுதான் அதை எடுத்தார்கள். அயர்லாந்திலிருந்து வந்து இறங்கிய சார்லஸ் கவன் டஃபி என்ற பத்திரிகைக்காரருக்கு அங்கே சொத்து இல்லை. அபிமானிகள் ஊர் ஊராக வசூலித்து 5,000 பவுன் திரட்டிச் சொத்து வாங்கிக் கொடுத்து அவைக்கு அனுப்பினார்கள். 1871இல் அவரே காலனியின் பிரதமர் ஆனார். உறுப்பினருக்குச் சம்பளம் 1870 வரை இல்லை. கையில் காசு உள்ளவனே அவையில் உட்காரமுடியும் என்பதற்கு வேறு சட்டமே தேவையில்லை.

அதே காலனிக்காரர்கள் ஒரு காரியம் உருப்படியாகச் செய்தார்கள். அதுவரை வாக்காளர் எல்லார் முன்னாலும் பெயரைச் சொல்லவேண்டும். முதலாளி, கடன்காரன், அடியாள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். 1856 மார்ச்சில் விக்டோரியா, அடுத்து அதே ஆண்டில் தென் ஆஸ்திரேலியா, அரசாங்கம் அச்சடித்த சீட்டில் மறைவாகக் குறியிடும் முறையைச் சட்டமாக்கின. பிரிட்டன் 1872இல்தான் அதைப் பின்பற்றியது. அமெரிக்காவில் இன்றும் அதற்கு ஆஸ்திரேலியச் சீட்டு என்றே பெயர். நாம் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்துவது அந்த வழி வந்த பழக்கம்.

இரண்டு ஊருக்கும் இருந்த பயம் ஒன்றே. மனிதனை மிரட்டலாம், வாங்கலாம். மெல்போர்ன் அதற்கு மறைப்பு கட்டியது. உத்திரமேரூர் எதையும் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் திறந்து வைத்து, மண்டபம் நிறைய ஆள் உட்காரவைத்து, தேர்ந்தெடுக்கிற வேலையை மட்டும் மனிதன் கையிலிருந்து பிடுங்கிக் குழந்தை கையில் கொடுத்தது. காஞ்சிச் சுவரில் நாட்டார் ஒரு சிறுவனைத் தேடிப்போகிறார்கள். இங்கே சிறுவன் ஊருக்கு ஆள் தேடித் தருகிறான்.

கோயிலிலிருந்து ஏரிக்கரைக்கு வந்தால் காற்று மாறும். வயிரமேக தடாகம் என்று பல்லவர் கல்வெட்டு சொல்லும் ஏரி. தந்திவர்ம பல்லவனின் பட்டப்பெயர் அது. ஏரியைக் குழி தோண்டித் தூர் வார வைத்த அறக்கொடைகள் கல்லில் உள்ளன. ஏரி வாரியத்து ஆறு பேர் கணக்குக் காட்டவேண்டிய சொத்து இதுதான். தூர் வாரிய கணக்கில் எவ்வளவு சேறு வந்தது என்பதைக் கண்டுபிடிப்பது அன்றைக்கும் சுலபமாக இருந்திருக்காது.

மெல்போர்ன் அவையில் உட்கார்ந்த ஒவ்வொருவருடைய பிறப்பு, தொழில், தொகுதி எல்லாம் அங்கே பதிந்து வைத்திருக்கிறார்கள். உத்திரமேரூர்ச் சுவரில் அரசன் பெயர் உண்டு, வந்திருந்த அதிகாரி பெயர் உண்டு. சபை சொல்ல இதை எழுதினேன் என்று மத்தியஸ்தன் காடாடிப்போத்தன் சிவக்குறி இராசமல்ல மங்கலப்பிரியன் தன் நீளமான பெயரைக் கடைசியில் பதித்திருக்கிறான். குடத்திலிருந்து வந்த 30 பேரில் ஒருவர் பெயரும் அதில் இல்லை. ஓலையை எடுத்த பையன் பெயரும் இல்லை.