மரப்பாச்சி வீரன்

முதுமையில் இளமையை நினைந்து ஏங்குதல் நேற்றோ இன்றோ தோன்றிய வழக்கமன்று. புறநானூற்றின் 243-ஆம் பாடலில் முதியவர் ஒருவர் பூண் கட்டிய கோலை ஊன்றி நின்று, இருமலுக்கிடையே சில சொற்கள் உரைக்கின்றார். தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் அவரது பெயரே அப்பாடலில் வரும் அக்கோலால் அமைந்தது. அவர் எண்ணி இரங்குவது ஈட்டிய பொருளை அன்று. வென்ற போரையும் அன்று. மணலைத் திரட்டிச் செய்த பாவைக்குப் பூச்சூட்டி மகிழ்ந்ததையும், மருத மரக்கிளை ஏறி மடுவில் குதித்ததையுமே எண்ணுகின்றார். 35 ஆண்டுகள் அப்பாடலை வகுப்பறையில் நடத்தினேன். அக்காலத்தில் மடுவில் குதிக்கும் பகுதியையே விரித்துரைப்பது என் வழக்கம். மாணவர் அதனையே விரும்பிக் கேட்பர். இப்பொழுதோ, மணற்பாவை என்ற இடத்தில் என் மனம் சற்றே நின்று விடுகின்றது. காரணம், எங்கள் வீட்டிலும் ஒரு பாவை இருந்தது.

அது மணற்பாவை அன்று, மரப்பாச்சி. ஆணும் பெண்ணுமாக இரண்டு; செம்மரத்தில் செதுக்கியவை; ஒரு சாண் உயரம். திருப்பதிக்குச் சென்ற பாட்டியார் வாங்கி வந்தவை. அவற்றுக்குக் கைகள் உடலோடு ஒட்டியிருக்கும், கால்கள் பிரியா, கழுத்துத் திரும்பாது. திருக்குறளில் வரும் மரப்பாவையேனும் நாணால் ஆட்டப்படுவது. எங்கள் பாவைக்கு நாணும் இல்லை. ஆயினும் அது ஓடியது, பாய்ந்தது, மதில் ஏறியது, பகைவரை வென்றது. அசையாத பொருளை அசைப்பதற்கு ஒன்பது வயதுச் சிறுவனின் மனம் போதாதா?

வேறு விளையாட்டுப் பொருள்களும் இருந்தன. நடைவண்டி, பம்பரம், பனையோலைக் கிலுகிலுப்பை முதலியவற்றை எல்லாரும் அறிவர். தஞ்சாவூர்ப் பொம்மையும் ஒன்று இருந்தது, அரசன் உருவம். அடிப்பகுதி வளைந்தும் கனத்தும், மேற்பகுதி இலேசாகவும் அமைந்திருத்தலால், எப்பக்கம் தள்ளினும் அது ஆடி ஆடி மீண்டும் நிமிர்ந்து நிற்கும். 2008-09-இல் புவிசார் குறியீடு பெற்ற பெருமையுடையது அப்பொம்மை. எனினும் எனக்கு அதன்மீது அத்துணை விருப்பம் உண்டாகவில்லை. விழுவான் என்ற அச்சம் இருந்தாலன்றோ வீரன்? விழவே மாட்டாதவனை வைத்துக்கொண்டு என்ன போர் நடத்துவது?

1969-இல் எங்கள் ஊர்க்கு வந்த டூரிங் கொட்டகையில் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' திரைப்படம் காட்டினார்கள். 1959-இல் வெளிவந்த படம் அது; சிற்றூர்களுக்கு மீண்டும் மீண்டும் வந்துகொண்டிருந்தது. மறுநாட் காலையிலேயே ஆண் மரப்பாச்சி கட்டபொம்மன் ஆயிற்று. கந்தல் துணி தலைப்பாகை. விளக்குமாற்றுக் குச்சி வாள். அம்மாவின் வெண்பீங்கான் உப்பு ஜாடியே ஜாக்சன் துரை. நிறப்பொருத்தம் கருதி ஜாடியைத் தேர்ந்தெடுத்தேன். அம்மாவுக்கு அப்பொருத்தம் விளங்கவில்லை.

இடையூறு வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. என் தமக்கையார் என்னினும் மூன்று ஆண்டு மூத்தவர். அவருக்கு அதே மரப்பாச்சி மணமகன். நண்பகல் வரையில் போரிட்ட தலைவன், மாலையில் சரிகைக் கரை வேட்டி உடுத்து மணையில் அமர்தல் வேண்டும். இவ்வுடன்பாடு சில நாள் நடந்தது. ஒரு நாள் நான் கயத்தாற்று நிகழ்ச்சியை நடத்த முற்பட்டேன். 1799-இல் கட்டபொம்மன் அவ்வூரில் ஒரு புளியமரத்தில் தூக்கிலிடப்பட்டதை நாடறியும். எங்கள் கொல்லையிலும் புளியமரம் இருந்தது, கயிறும் இருந்தது. அக்காள் ஓடிவந்து பாவையைப் பறித்துக்கொண்டார்.

"மாப்பிள்ளையை யாராவது தூக்கில் போடுவார்களா, தம்பி?"

"அவர் மாப்பிள்ளை இல்லை, அக்கா. கட்டபொம்மன்!"

வழக்கு அம்மாவிடம் சென்றது. வரலாறு என் பக்கம் இருந்தது. தீர்ப்போ அக்காள் பக்கம் அமைந்தது. ஆகவே எங்கள் வீட்டுக் கட்டபொம்மன் கயத்தாற்றில் மாளவில்லை. அன்று மாலை அவனுக்குத் திருமணம் நடந்தது.

தெருச் சிறுவர் நடுவே நான் அதனைப் 'பொம்மை' என்று கூறுவதே இல்லை, 'வீரன்' என்பேன். பொம்மை வைத்து விளையாடுபவர் சிறுமியரே என்ற எண்ணம் அன்று எங்களுக்கு இருந்தது. இந்நாணம் எங்கள் தெருவுக்கு மட்டும் உரியதன்று போலும். 1964-இல் அமெரிக்காவில் ஹாஸ்புரோ நிறுவனம் ஓரடி உயரமுள்ள போர்வீரன் உருவம் ஒன்றை விற்கத் தொடங்கிற்று. அதன் உடல் 21 இடங்களில் அசையும். சிறுவர் பொம்மையை விரும்பார் எனக் கருதி, அந்நிறுவனம் பொம்மை என்ற சொல்லையே விலக்கி, 'ஆக்‌ஷன் ஃபிகர்' என வேறு பெயர் சூட்டியது. கடல் கடந்த வணிகர் எண்ணியதை எங்கள் ஊர்ச் சிறுவனும் எண்ணியிருந்தான் என்பதில் எனக்குச் சிறிது பெருமை உண்டு.

1978-இல் அக்காளுக்குத் திருமணம் நடந்தது. மணமகளுக்கு மரப்பாச்சி இணையைச் சீராகத் தருதல் தொன்றுதொட்ட வழக்கம். பித்தளைக் குடங்களுக்கிடையே, மஞ்சள் துணியில் சுற்றப்பெற்று என் வீரனும் வண்டி ஏறினான். எனக்கு அப்பொழுது 18 வயது. புலவர் வகுப்பில் தொல்காப்பியம் பயின்றுகொண்டிருந்தேன். பொம்மைக்காக வழக்கிடும் பருவமா அது? வண்டி தெருமுனை திரும்பும் வரையில் வாயிலில் நின்றேன். அக்காளுக்காக நின்றதாகவே எல்லாரும் கருதினர், அதுவும் உண்மையே.

சில ஆண்டுகள் கழித்து அப்பாவையை நான் எடுத்துப் பார்த்தபோது முகமும் மார்பும் முன்போலவே இருந்தன. முதுகு மட்டும் குழிந்து பள்ளமாகியிருந்தது. செம்மரம் குளிர்ச்சி தரும் என்பது முன்னோர் நம்பிக்கை. அக்காளின் மக்களுக்குச் சூடு கண்டபோதெல்லாம், அவர் மாமியார் மரப்பாச்சியின் முதுகைக் கல்லில் இழைத்துப் பற்றிட்டிருக்கின்றார். முகம் தேயலாகாது என்று முதுகையே இழைப்பாராம். மூன்று குழந்தைகள் வளர்ந்தனர், பாவை மெலிந்தது. உப்பு ஜாடியோடு பொருதபோது ஒரு கீறலும் படாத உடல் அது.

சென்ற நவராத்திரியில் அக்காள் வீட்டிற்குச் சென்றிருந்தேன். கொலுவின் மேற்படியில் இணை நின்றது. பட்டு உடுத்தியிருந்தமையால் முதுகின் பள்ளம் புலப்படவில்லை. அக்காளின் பேரன் கையில் ஒரு நெகிழி வீரன் இருந்தான், சிலந்தி மனிதனாம். கையும் காலும் நினைத்தவாறு வளைந்தன. சிறுவன் அவனை மரப்பாச்சியின் பக்கத்தில் நிறுத்திவிட்டு என்னை நோக்கினான்.

"தாத்தா, இந்த மர பொம்மை யாரு?"

"கட்டபொம்மன்" என்றேன்.

"மாப்பிள்ளை" என்றார் அக்காள், அடுக்களையிலிருந்து.