மின்னூல் கருவியும் மெலிந்த பணப்பையும்

புத்தகம் வாங்கப் பணம் வேண்டும். வாங்கியதை வைக்க இடம் வேண்டும். இவ்விரண்டும் இல்லாத வீடுகளிலிருந்து கல்லூரிக்கு வருவோர் நம்மில் பலர். அத்தகையோர் கண்ணுக்கு மின்னூல் கருவி ஓர் அட்சய பாத்திரமாகவே தோன்றும். கையடக்கமான ஒரு பலகையில் ஆயிரக்கணக்கான நூல்கள்! ஆனால் அந்தப் பாத்திரத்தின் விலை என்ன? அதை நாம் வாங்கத்தான் வேண்டுமா?

அமேசான் நிறுவனம் 2007-ஆம் ஆண்டு கிண்டில் என்னும் கருவியை அமெரிக்காவில் 399 டாலருக்கு விற்கத் தொடங்கியது. இன்று நம் நாட்டில் இவ்வகைக் கருவி ஒன்றைப் புதிதாக வாங்கச் சுமார் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஆகும். புதுமைப்பெண் திட்டத்தில் எனக்கு மாதந்தோறும் கிடைப்பது 1,000 ரூபாய். பத்து மாதங்கள் அதில் ஒரு காசும் தொடாதிருந்தால்தான் கருவி கைக்கு வரும். தேர்வுக் கட்டணமும் ரெக்கார்டு நோட்டும் அதுவரை காத்திருக்குமா? வீட்டில் இதைச் சொன்னபோது என் தாயார், "அந்தக் காசுக்கு நல்லம்பள்ளிச் சந்தையில ஒரு நல்ல ஆடு புடிக்கலாம். ஆடுன்னா குட்டி போடும். இது என்ன போடும் கண்ணு?" என்று கேட்டார். பள்ளிக்கூடம் காணாத அவர் கேட்டது பொருளாதாரப் பாடத்தின் முதல் கேள்வி அல்லவா?

முதலில் கருவியின் சிறப்பைப் பார்ப்போம். இதன் திரையில் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய உறைகள் உள்ளன. ஒவ்வோர் உறையிலும் நேர்மின்னூட்டம் பெற்ற வெண்துகள்களும் எதிர்மின்னூட்டம் பெற்ற கருந்துகள்களும் தெளிந்த திரவத்தில் மிதக்கின்றன. மின்புலத்தின் திசைக்கேற்ப ஒன்று மேலே வரும். மற்றொன்று கீழே போகும். இவ்வாறு உருவான எழுத்து மின்சாரம் இல்லாமலே அப்படியே நிற்கும். பக்கம் புரட்டும்போதுதான் திரைக்கு மின்சாரம் செலவாகிறது. எனவே ஒரு முறை மின்னேற்றினால் வாரக்கணக்கில் படிக்கலாம். காகிதம்போல் வெளியொளியை எதிரொளிப்பதால் வெயிலிலும் எழுத்து தெளிவாகத் தெரியும்.

தமிழ் வாசகருக்கு இலவச நூல்களும் ஏராளம். 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய வேதியியல் அறிஞர் கல்யாணசுந்தரம் முன்நின்று நடத்த, பல நாட்டுத் தமிழர்கள் ஊதியமின்றி நம் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றினார்கள். சங்க நூல்கள் முதல் பாரதி வரை காசின்றிக் கிடைக்கின்றன. இலக்கியம் படிப்போருக்குக் கருவி குட்டி போடும் என்றே சொல்லலாம்.

ஆனால் தராசின் மறுதட்டையும் பார்க்க வேண்டும். நமக்கு அன்றாடம் வேண்டியவை அறிவியல் பாடநூல்கள். சமன்பாடும் படமும் நிறைந்த பெரிய பக்கம் ஆறு அங்குலத் திரையில் சுருங்கி எறும்பு வரிசையாகிவிடும். பெரிதாக்கினால் பாதிப் பக்கம் திரைக்கு வெளியே போய்விடும். பழைய பாடநூலைப் பாதி விலைக்கு வாங்கலாம். படித்து முடித்ததும் இளையவருக்குக் கொடுக்கலாம். விலை கொடுத்த மின்னூலை அப்படிக் கைமாற்ற இயலாது. 2009-ஆம் ஆண்டு ஜார்ஜ் ஆர்வெல்லின் நாவல்களை விற்ற அமேசான், அவற்றை வெளியிட்டவருக்கு உரிமை இல்லையென்று கூறி, வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அழித்தது. பணம் திரும்பக் கிடைத்தது. நிறுவனத் தலைவர் மன்னிப்பும் கேட்டார். ஆயினும் நம் அலமாரியின் சாவி பிறர் கையில் இருக்கிறது என்பது அன்று விளங்கிற்று.

ஆகவே நான் கண்ட முடிவு இதுதான்: பணமுடை உள்ள அறிவியல் மாணவர் தனியாக இதை வாங்குவது விரலுக்குத் தகாத வீக்கம். கையில் கைப்பேசி இருந்தால் மதுரைத் திட்ட நூல்களை அதிலேயே படிக்கலாம். கண் சற்றுக் களைக்கும். இடையிடையே அழைப்பும் வரும். ஆனால் கூடுதல் செலவு இல்லை.

அப்படியானால் இக்கருவி நமக்கு எட்டாக்கனியா? இல்லை. 1931-ஆம் ஆண்டு மன்னார்குடிப் பகுதியில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்களுக்கு அனுப்பினார். வாங்க இயலாதவனும் படிக்கலாம் என்பதே நூலகத்தின் அறம். அந்த வண்டியின் வேலையை இன்று ஐந்தாறு கருவிகள் செய்யும். கல்லூரி நூலகம் அவற்றை வாங்கி, இலவச நூல்களை நிரப்பி, வாரம் ஒருவராக இரவல் தந்தால், ஒருவருக்குப் பெருஞ்செலவாக இருப்பது பலருக்குப் பொதுச்சொத்தாகும். பேராசிரியப் பெருமக்களும் மாணவ நண்பர்களும் இதைச் சிந்திக்க வேண்டுகிறேன்.