துறைமுக ஒளியும் ஓவியன் கடனும்

கலை கலைக்காகவா, மக்களுக்காகவா என்று வாதிடும் நம்மவர், கடலையும் வெயிலையும் தீட்டும் ஓவியனை முதலிலேயே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுவது வழக்கம். உழைப்பவன் பசித்திருக்க நீரின் மினுக்கத்தைத் தீட்டுவானேன் என்பர். இவ்வழக்கிற்குப் பிரெஞ்சு ஓவியர் போல் சின்யாக்கைச் சாட்சியாக அழைக்க விரும்புகிறேன்.

சின்யாக் 1892இல் தென்பிரான்சின் சான் துரோப்பே என்னும் சிறு துறைமுகத்துக்குத் தமது பாய்ப்படகில் வந்து சேர்ந்தார். அத்துறைமுகத்தை அவர் 1895இல் தீட்டிய 'சிவப்பு மிதவை' என்னும் ஓவியத்தின் அச்சுப்படியை வகுப்பிற் காட்டியபோது, நீலக் கடலில் இத்தனை செம்மஞ்சள் எதற்கு என மாணவனொருவன் வினவினான். நல்ல வினா. நீர் தன் நிறத்தை வானத்திடமும் கரையிடமும் கடன் வாங்குகிறது. கரைவீடுகளின் மஞ்சளும் செம்மையும் அலைகளில் உடைந்து சிதறுவதைச் சின்யாக் தனித்தனித் தீற்றல்களாக வைத்தார். நிறங்களைத் தட்டிற் குழைத்தால் ஒளி மங்கும். அருகருகே வைத்தால் பார்ப்பவனின் கண்ணே அவற்றை இணைத்துக்கொள்ளும். செம்மஞ்சளின் அருகே நீலம் மேலும் நீலமாகும்.

இவ்விதி பிறந்த இடம் ஒரு தொழிற்சாலை. பாரிஸ் கொபெலான் சித்திரத்திரை நெசவாலையிற் சாயப்பகுதிக்குப் பொறுப்பாயிருந்த இரசாயன அறிஞர் செவ்றேல், கறுப்பு நூல் சோபையற்றிருக்கிறது என்ற முறைப்பாட்டை ஆராய்ந்தார். குற்றம் சாயத்திலன்று, அயலிலிருந்த நிறத்திலே என்று கண்டார். அவ்வாராய்ச்சி 1839இல் நூலாயிற்று.

சின்யாக் அரசின்மைவாதி. ஓவியம் கொள்கை முழங்கவேண்டியதில்லை. பழகிய பார்வையை உடைக்கும் கலையும் பழைய சமுதாயத்தின்மேல் விழும் அடியே என 1891இல் அரசின்மைவாத ஏடொன்றில் எழுதினார். இதிற் பாதியையே நான் ஏற்பேன். 'சிவப்பு மிதவை'யில் ஒளி உண்டு. ஆயினும், துறைமுகத்தை இயக்கும் உழைப்பு அதன் பொருளன்று.

அதே 1895இல் அவர் மற்றொரு பேரோவியத்தையும் முடித்தார். அதன் பெயர் 'இசைவின் காலத்தில்'. அதே தென்கடல் வெயிலில் மக்கள் கனி பறிக்கின்றனர், நூல் வாசிக்கின்றனர், விளையாடுகின்றனர். 'அரசின்மைக் காலத்தில்' என்றே முதலிற் பெயரிட்டிருந்தார். அக்கால அடக்குமுறை அதை மாற்றுவித்தது. பாரிசை அடுத்த மொந்திரேய் நகரமண்டபத்தில் அவ்வோவியம் இருக்கிறது.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதே சாட்சியம் முழுமை பெறுகிறது. கடலைப் பாராமலே நீலம் என்பவன், வறுமையை ஆராயாமலே விதி என்பான். அப்பழக்கத்தைக் களையக் கண்ணுக்குப் பயிற்சி வேண்டும். அதை அளிப்பது ஓவியன் கடன். அவ்வெயில் எவருக்கு ஓய்வாகவும் எவருக்குச் சுமையாகவும் விழுகிறது என்று கேட்பதும் அவன் கடனே.