வளைதலும் தாங்குதலும்

வளையாமையே உறுதி என்பது நம்மிடையே வேரூன்றிய எண்ணம். வளைந்து கொடுப்பவனை வலிமையற்றவன் என்கின்றோம். ஆயின் வீட்டு உத்தரத்தையோ ஆற்றுப் பாலத்தையோ ஆராய்வார்க்கு இவ்வெண்ணம் நில்லாது. சுமை ஏறியதும் எத்துணை உறுதியான உத்தரமும் சிறிதேனும் வளைகின்றது. வளைவதனாலேயே அது சுமையைத் தாங்குகின்றது.

வளையும் உத்தரத்தின் மேற்புறம் நெருக்கப்படுகின்றது, கீழ்ப்புறம் இழுபடுகின்றது, இரண்டுமற்ற நடுநிலைத் தளமொன்று இடையே உளது. இவ்வுண்மை எளிதிற் கிட்டியதன்று. 1638இல் நூல் வெளியிட்ட கலிலியோ, உத்தரத்தின் குறுக்குவெட்டு முழுவதும் ஒருசீராக இழுபடுவதாகவே கொண்டார். பிரெஞ்சுப் பொறியியலாளர் நாவியே 1826இல் வெளியிட்ட விரிவுரைகளிலேயே இக்கணிப்புத் திருத்தமான வடிவம் பெற்றது.

வலிமையும் விறைப்பும் ஒன்றல்ல. 2 அங்குல அகலமும் 6 அங்குல உயரமும் அமையுமாறு மரமொன்றை நிமிர்த்தி வைத்தால், தட்டையாகக் கிடத்துவதிலும் பார்க்க அதன் வலிமை 3 மடங்காகும். விறைப்போ 9 மடங்காகும். தாங்கிகளின் இடைத்தூரத்தை இரட்டித்தால், நடுவில் வைத்த அதே சுமையால் எழும் தகைப்பு 2 மடங்காகும். தொய்வு 8 மடங்காகும். முறியாத உத்தரமும் பயன்படாதவாறு தொய்ந்துவிடக் கூடும்.

மட்டக்களப்பு வாவியின் குறுக்கே 1924இல் அமைந்த கல்லடிப் பாலம் இவ்வறிவின் இரும்பு வடிவம். ஆளுநர் மனிங்கின் துணைவியார் பெயரைத் தாங்கிய அப்பாலத்தின் இருமருங்கும் உயர்ந்து நிற்கும் சட்டகங்கள் அழகுக்காக எழுந்தவையல்ல. நெருக்கம் தாங்கும் மேற்சட்டத்தையும் இழுவை தாங்கும் கீழ்ச்சட்டத்தையும் விலக்கி நிறுத்தி, குறைந்த இரும்பிலே மிகுந்த விறைப்பைப் பெறும் வழி அது. 1978 நவம்பர்ச் சூறாவளியையும் 2004 டிசம்பர் ஆழிப்பேரலையையும் அப்பாலம் கடந்து நின்றது.

பாடுமீனையும் நிலவையும் சேர்த்து அப்பாலத்தைப் புகழ்வதில் கலைப்பீடத்தாராகிய நாம் பின்னிற்பதில்லை. ஆனால், புகழ்ச்சியால் துரு நிற்காது. வளையும் உறுப்பொன்றில் தகைப்பு மிகுவது நடுவிலன்று, புறவிளிம்பிலேயே. உவர்க்காற்று முதலில் அரிப்பதும் அப்புறத்தையே. எனவே இரும்பிற் பூசும் தீந்தை ஒப்பனையன்று. அதன் வலிமைக்குக் காவல்.

2013இல் அருகே புதிய பாலம் திறக்கப்பட்டதும் பழைய பாலத்தின் சுமை குறைந்தது. சுமை குறைந்ததென்று கவனமும் குறையலாகாது. எச்சட்டம் எவ்வளவு தேய்ந்தது, எவ்வளவு தொய்ந்தது என ஆண்டுதோறும் அளந்து ஊரறிய வெளியிடுமாறு கேட்பது, அப்பாலத்தைப் போற்றும் நம் அனைவரதும் கடனாகும்.