அரை கிளட்ச்

மெக்கானிக்கல் படிக்கிற எல்லாரும் இந்தக் கணக்கை ஒரு தடவையாவது போட்டிருப்பீங்க. வெளி விட்டம் இவ்வளவு, உள் விட்டம் இவ்வளவு, உராய்வுக் குணகம் 0.3, இரண்டு பக்கமும் வேலை செய்யும் சிங்கிள் பிளேட் கிளட்ச். 'யூனிஃபார்ம் வேர்' என்று வைத்துக்கொண்டு ஸ்பிரிங் விசையைக் கண்டுபிடி. டேட்டா புக்கைப் பிரிச்சு, இரண்டு ஆரத்துக்கும் சராசரி எடுத்து, விடைக்குக் கீழே இரண்டு கோடு போட்டுட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுவோம். நானும் அப்படித்தான் போனேன், மார்க்கும் வந்தது. அந்தத் தேய்மானம் யாரால வருதுன்னு மட்டும் கேள்வித்தாள்ல கேட்க மாட்டாங்க.

யாரால வருதுன்னு எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும். அப்பா சேலத்துல டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்கார். ஒரே ஒரு வண்டி, மாருதி 800. அந்த மாடலையே கம்பெனி 2014-ல நிறுத்திட்டாங்க. எங்க வண்டி இன்னும் ஓடுது. காலையில ஆறு மணிக்குக் கிளம்பினா ஒவ்வொரு மணிக்கும் ஒரு புதுக் கால் அந்த கிளட்ச் பெடல் மேல ஏறும். பயந்த கால், அவசரக் கால், சிலபேர் பெடல்ல இருந்து எடுக்கவே மாட்டாங்க. இடது பக்க சீட்ல அப்பாவுக்கும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கு. பத்தொன்பது வருஷமா அவர் அங்கதான் உட்கார்ந்திருக்கார்.

கிளட்ச் ஏன் தேயுதுன்னு சரியாப் புரிஞ்சுக்கிட்டா மீதி எல்லாம் சுலபம். முழுசாப் பிடிச்சிருக்கும்போது பிளேட்டும் பிளைவீலும் ஒரே வேகத்துல சுத்துது, அங்கே தேய்மானமே இல்ல. முழுசா விலகியிருந்தாலும் இல்ல. நடுவுல இருக்கிற அந்த அரை கிளட்ச் நேரம்தான் பிளேட்டைத் தின்னுது. சமதளத்துல வண்டியை எடுக்கும்போது, இன்ஜின் வேகம் மாறலைன்னு வச்சுக்கிட்டா, வண்டிக்கு எவ்வளவு இயக்க ஆற்றல் போகுதோ ஏறக்குறைய அதே அளவு கிளட்ச்ல வெப்பமாப் போயிடும். பாதிக்குப் பாதி. எவ்வளவு நல்ல டிரைவரானாலும் அந்தப் பாதியைத் தவிர்க்க முடியாது. ஆனா மேட்டுல ஹேண்ட் பிரேக் போடாம அரை கிளட்ச்லயே வண்டியை நிறுத்தி வைக்கிறாங்க பாருங்க, அப்போ வண்டி ஒரு இஞ்ச்கூட நகரல. கிளட்ச்சுக்கு வர்ற மொத்த ஆற்றலும் சூடு. எங்க ஆளுங்க தினமும் ரயில்வே மேம்பாலத்து ஏத்தத்துல பழகுறது இதைத்தான். மேட்டுல நிறுத்தி எடுக்கத் தெரியாதவங்களை அப்பா டெஸ்டுக்கு அனுப்ப மாட்டார்.

போன லீவுக்கு நான் வீட்டுக்குப் போனப்போ வண்டி அந்தப் பாலத்துல ஏறல. ஆக்சிலரேட்டரை மிதிச்சா சத்தம் ஏறுது, வேகம் ஏறல. கருகின நாத்தம். உங்க வீட்டு வண்டியில இப்படி வந்தா உடனே கியர்பாக்ஸை இறக்கிடாதீங்க, முதல்ல கேபிளைப் பாருங்க. பிளேட் தேயத் தேய டயாஃப்ரம் ஸ்பிரிங்கோட விரல்கள் ரிலீஸ் பேரிங் பக்கம் நகர்ந்து வரும். பெடல்ல இருக்கிற ஃப்ரீ பிளே குறைஞ்சுக்கிட்டே போகும். அது சுத்தமா போயிட்டா, நீங்க காலே வைக்காட்டியும் கிளட்ச் லேசா அமுங்கியே இருக்கும், வழுக்கும். நட்டைத் தளர்த்தி ஃப்ரீ பிளே கொடுத்தா சில சமயம் அதோட சரியாயிடும். அப்பா மாசக்கணக்கா அதைத்தான் செஞ்சுட்டு வந்திருக்கார். நட்டு மரையோட கடைசிக்கு வந்திருந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடிச்சு, டாப் கியர்ல போட்டு, மெதுவா கிளட்சை விட்டுப் பார்த்தோம். நல்ல கிளட்ச்சா இருந்தா இன்ஜின் ஆஃப் ஆகணும். எங்களுது ஜாலியா ஓடிக்கிட்டே இருந்தது.

அன்னிக்கு வெள்ளிக்கிழமை. புதன்கிழமை அஞ்சு பேருக்கு டெஸ்ட். அதுல ஒருத்தர் டிரைவர் வேலைக்குச் சொல்லி வச்சுட்டு லைசென்சுக்காகக் காத்திருந்தவர். ஒர்க்‌ஷாப்ல ஆள் இல்ல, நாலு நாள் ஆகும்னு சொல்லிட்டாங்க. அப்பாவுக்கு இடுப்புல டிஸ்க் பிரச்சனை, கனம் தூக்கவே கூடாது. அவரோட பழைய மெக்கானிக் நண்பர் ஒருத்தர், நான் மாமான்னு கூப்பிடுறவர், தோள்ல ஆபரேஷன் ஆகி வீட்டுல இருந்தார். "நான் சேர் போட்டு உட்கார்ந்து சொல்றேன், பாப்பா கீழ போகட்டும்" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். வேண்டாம்னு சொல்ல அவருக்கு வேற ஆள் இல்ல.

வண்டிக்குக் கீழ போறதுக்கு முன்னாடி ஒண்ணு. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் தலையை உள்ள விடாதீங்க. ஸ்டாண்டு போட்டு, கழட்டின டயரையும் பாடிக்கு அடியில தள்ளி வச்சோம். பின் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை. மாமா வண்டியைப் பிடிச்சு ஆட்டிப் பார்த்த பிறகுதான் என்னை விட்டார்.

பேட்டரி வயர், கேபிள்கள், ஸ்டார்ட்டர், கியர் ராடு, இதெல்லாம் ஒரு மணி நேரத்து வேலை. இது முன் சக்கர டிரைவ் வண்டி, அதனால கியர் ஆயிலை வடிச்சுட்டு ரெண்டு பக்க டிரைவ் ஷாஃப்டையும் உருவணும். அதுல ஒண்ணு வர மாட்டேன்னு அரை நாளைத் தின்னுடுச்சு. இன்ஜினுக்கு அடியில பலகை வச்சு ஜாக்கி கொடுத்தோம். கியர்பாக்ஸை இறக்க மாமா ஒரு வழி வச்சிருந்தார். முன்பக்கம் குறுக்கே ஒரு சவுக்குக் கட்டை, பெயின்ட் போகாம இருக்க அடியில சாக்கு. கயிறை கியர்பாக்ஸ்ல கட்டி, கட்டையில மூணு சுத்து சுத்தி, நுனியை அப்பா கையில கொடுத்தார். மூணு சுத்து உராய்வுலயே கனம் நின்னுடும், அப்பா விரல்ல பிடிச்சாலே போதும். பெல்ட் உராய்வுச் சூத்திரத்தை எனக்குப் புத்தகத்துல தெரியும். மாமாவுக்குக் கயிறுல தெரியும்.

பிரஷர் பிளேட் போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமா, தடவைக்கு ஒரு சுத்து மட்டும் தளர்த்தணும். ஒரே பக்கமாக் கழட்டினா கவர் கோணிக்கும். உள்ள இருக்கிற தூசியை ஊதாதீங்க, காத்தும் அடிக்காதீங்க. பழைய லைனிங்குகள்ல ஆஸ்பெஸ்டாஸ் சேர்த்திருக்காங்க. மாஸ்க் போட்டு ஈரத்துணியால துடைச்சேன்.

பிளேட் கைக்கு வந்தது. லைனிங் இருக்க வேண்டிய இடத்துல ரிவெட் தலைகள் பளபளன்னு. பிளைவீல்ல நீலமா சூட்டுத் திட்டுகள், ரிவெட் கீறின மெல்லிய வட்டங்கள். டயாஃப்ரம் ஸ்பிரிங்ல ஒரு குணம் இருக்கு. பிளேட் தேயும்போது அதோட அழுத்தம் முதல்ல கொஞ்சம் ஏறும், அப்புறம்தான் இறங்கும். காயில் ஸ்பிரிங்னா தேயத் தேயக் குறைஞ்சுக்கிட்டே வந்து முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். இது கடைசி வரைக்கும் தாங்கிட்டு ஒரேயடியாக் கைவிடும். இதைச் சொன்னேன். அப்பா பிளேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "எத்தனை பேரு கத்துக்கிட்டுப் போயிருப்பாங்க இதுல" என்றார். அதுக்கு மேல எதுவும் பேசல.

பிளைவீலைக் கழட்டிக் கொண்டுபோய் லேத்துல முகம் சீவி வாங்கிட்டு வந்தோம். கிளட்ச் வாங்கினா பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூணையும் செட்டா வாங்குங்க. பேரிங்கை மிச்சம் பிடிச்சா அதுக்காக இன்னொரு தடவை கியர்பாக்ஸை இறக்கணும். புது பிளேட்டோட ஸ்பிரிங் புடைச்ச பக்கம் கியர்பாக்ஸைப் பார்த்து இருக்கணும். ஸ்பிளைன்ல பொட்டு வைக்கிற அளவு கிரீஸ், அவ்வளவுதான். போல்ட்டு முறுக்குறதுக்கு முன்னாடி பிளேட் நட்ட நடுவுல இருக்கணும், இல்லன்னா ஷாஃப்ட் உள்ள போகவே போகாது. மாமா ஒரு பழைய கியர்பாக்ஸ் ஷாஃப்டை வெட்டி இதுக்குன்னே வச்சிருந்தார். அதைச் செருகிப் பிளேட்டை நடுவுல நிறுத்தி முறுக்கினேன்.

கியர்பாக்ஸை ஏத்தும்போது நாலு விரல் இடைவெளியில நின்னுடுச்சு. போல்ட்டைப் போட்டு இழுத்துடலாமான்னு எனக்கு ஆசை. "இழுத்தா பிளேட்டு ஹப் போயிடும். கயிறை இறக்கி, நேரா வச்சு, திரும்பத் தள்ளு" என்றார் மாமா. ஆறாவது முயற்சியில, ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு, 'டொக்'குனு உட்கார்ந்தது. அந்தச் சத்தத்தைப் பத்தி தனியா ஒரு கட்டுரை எழுதலாம்.

திங்கட்கிழமை காலையில அப்பா என்னை ஸ்டியரிங்ல உட்கார வச்சுட்டு, வழக்கம்போல இடது பக்கம் ஏறினார். பாலத்து ஏத்தத்துல நிறுத்தச் சொன்னார். ஹேண்ட் பிரேக், முதல் கியர், கிளட்சை விட விட முன்பக்கம் லேசாத் தூக்குது, பிரேக்கை விட்டேன், ஏறிடுச்சு. "பிடிக்குது" என்றார். அன்னிக்கே எட்டு மணிக்கு முதல் ஆள் வந்துட்டார். புது லைனிங் செட் ஆகிற வரைக்கும் மெதுவா ஓட்டணும், ஆனா புதன்கிழமை டெஸ்ட் காத்திருக்காது. அஞ்சு பேரையும் அதே மேட்டுல ஏத்தி இறக்கினார். நாலு பேர் பாஸ், அந்த டிரைவர் வேலைக்காரரும் அதுல உண்டு. அஞ்சாவது ஆள் ரிவர்ஸ்ல கோட்டை விட்டார், அதுக்கு கிளட்ச் பொறுப்பில்ல.

பழைய பிளேட் இப்போ என் ஹாஸ்டல் ரூம்ல பாலிதீன் கவர்ல கட்டி இருக்கு. வெளி ஓரமும் உள் ஓரமும் ஒரே அளவுதான் தேய்ஞ்சிருக்கா, நாம எழுதுற 'யூனிஃபார்ம் வேர்' நிஜமான்னு வெர்னியர் வச்சுப் பார்க்கணும்னா வாங்க. கவரைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி மாஸ்க் போட்டுக்கோங்க, ஈரத்துணி நான் தர்றேன்.