600

கீமோ முடிந்த பத்தாம் நாள் அக்காவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை வாங்கினேன். வெள்ளை அணுக்கள் 600. ஒரு மைக்ரோலிட்டருக்கு 4,000லிருந்து 11,000 வரை இருக்க வேண்டும்.

"என்னடா, ஃபெயிலா?" என்றாள் அக்கா. முப்பது வருஷம் டீச்சர்.

வெள்ளை அணுக்கள் எங்கே தயாராகின்றன தெரியுமா? எலும்புக்குள். இடுப்பெலும்பு, மார்பெலும்பு, விலா, முதுகெலும்பு இவற்றின் மஜ்ஜையில். நியூட்ரோஃபில் என்ற ஒரு வகை மட்டுமே தினம் சுமார் 10,000 கோடி. கிருமியை முதலில் எதிர்கொள்ளும் சிப்பாய்கள் இவை. ஆயுள் குறைவு; அதனால் உற்பத்தி நிற்கவே கூடாது.

எல்லாவற்றுக்கும் மூலம் ஒரே ஜாதி ஸ்டெம் செல். 1961ல் டொரான்டோவில் டில், மெக்குல்லாக் என்ற இரு விஞ்ஞானிகள் கதிரியக்கத்தால் மஜ்ஜை அழிந்த எலிகளுக்கு வேறு எலியின் மஜ்ஜையைச் செலுத்தினார்கள். பத்து நாளில் மண்ணீரலில் சின்னச் சின்ன முடிச்சுகள். ஒவ்வொன்றும் ஒற்றை செல்லின் வம்சம் என்று 1963ல் நிரூபித்தார்கள்.

கீமோ மருந்துக்கு நல்லது கெட்டது தெரியாது. வேகமாகப் பிரியும் செல்களை எல்லாம் அடிக்கும். கேன்சரோடு மஜ்ஜையின் உற்பத்தியும் படுக்கிறது. ஆனால் ஸ்டெம் செல்களில் பெரும்பாலானவை ஓய்வில் இருக்கின்றன; அதனால் தப்பிக்கின்றன. சோம்பேறித்தனம் உயிரைக் காப்பாற்றும் ஒரே இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

எதிர்வீட்டு அம்மாள் தூக்குச்சட்டியில் ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்தார். ஆட்டு மஜ்ஜை வயிற்றில் ஜீரணமாகுமே தவிர நம் எலும்புக்குள் போய் உட்காராது. சொல்ல மனம் வரவில்லை. அக்கா ரசித்துக் குடித்தாள்.

டாக்டர் எழுதித் தந்தது ஜி-சிஎஸ்எஃப் ஊசி. 'அணுக்களை உற்பத்தி செய்' என்று மஜ்ஜைக்கு உடம்பே அனுப்பும் கட்டளையின் நகல். மூன்றாம் ஊசியில் அக்காவுக்கு இடுப்பெலும்பு விண்விண்ணென்று வலித்தது. "ஓவர்டைம் நடக்குது, பொறுத்துக்குங்க" என்றார் நர்ஸ்.

உங்கள் வீட்டில் யாராவது கீமோவில் இருந்தால் ஒன்று. கவுன்ட் குறைந்திருக்கும் நாட்களில் ஜுரம் 100.4ஐத் தொட்டால், மாத்திரை போட்டுக் காலைவரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். ராத்திரி இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். எதிர்க்க ஆளில்லாத ஊரில் கிருமிக்குச் சில மணி நேரம் போதும். தெர்மாமீட்டரைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு நான் தூங்காத ராத்திரிகள் ஆறு.

ஏழாம் நாள் ரிப்போர்ட்: 4,200.

"ஃபர்ஸ்ட் கிளாஸா?"

"ஜஸ்ட் பாஸ்."

அடுத்த கீமோவுக்குத் தேதி வாங்கிக்கொண்டு வந்தோம்.